டாவி: தொடை வழியா, தோள் வழியா? ஒரே சி.டி., இரண்டு பதில்

கேள்வி – 9 ஜனவரி 2025

அப்பாவுக்கு 78 வயது. இருதயத்தின் அயோர்டிக் வால்வு சுருங்கிவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்தார். டாவி, அதாவது நெஞ்சைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைப்பது என்று முடிவாகிவிட்டது. முதலில் பார்த்த மருத்துவமனையில், தொடை இரத்தக்குழாய் சின்னது, கால்சியம் வேறு படிந்திருக்கிறது, இடது காறை எலும்புக்குக் கீழே கீறி அங்கிருந்துதான் போக வேண்டும் என்கிறார்கள். அதே சி.டி. ஸ்கேனை வேறு ஊரில் காட்டினால், தொடை வழியாகவே தாராளமாக முடியும் என்கிறார்கள். ஒரு படத்துக்கு எப்படி இரண்டு பதில்? யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

9 ஜனவரி 2025, இரவு

பொய் என்று அவசரப்பட வேண்டாம். நான் டாக்டர் இல்லை. கொங்குப் பக்கம் ஒரு மருத்துவமனையில் 16 வருடமாகக் கேத் லேப் (ஆஞ்சியோ, டாவி எல்லாம் செய்யும் அறை) டெக்னீஷியன். டாவி நடக்கும்போது வால்வைப் பற்றி வெளியே எல்லோரும் பேசுவார்கள், உள்ளே நாங்கள் பயப்படுவது வால்வைவிடக் குழாய்க்குத்தான். வால்வு பெரும்பாலும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். போன வழியில் திரும்பி வருவதில்தான் வினை.

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருவர் மனதில் இருக்கும் வால்வு வேறு, இன்னொருவர் மனதில் இருப்பது வேறு. சாப்பியன் 3 என்ற வால்வில் 20, 23, 26 அளவுகளுக்கு 14 பிரெஞ்ச் ஷீத் (வால்வை உள்ளே கொண்டுபோகும் உறைக்குழல்), இரத்தக்குழாய் குறைந்தது 5.5 மில்லிமீட்டர் வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. 29 அளவு என்றால் 16 பிரெஞ்ச், குழாய் 6 மில்லிமீட்டர். இன்னொரு கம்பெனியின் எவோலூட் ஆர் வகையில் சின்ன அளவுகளுக்கு 5 மில்லிமீட்டரே போதும். உங்கள் அப்பாவின் குழாய் 5.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிக்குக் கதவு மூடியிருக்கிறது, இன்னொன்றுக்குத் திறந்திருக்கிறது. படம் ஒன்றுதான்.

பிரெஞ்ச் என்பது அளவு, மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர். 14 பிரெஞ்ச் என்றால் 4.7 தடிமன்.

அதனால் டாக்டரிடம் "முடியுமா, முடியாதா" என்று கேட்காதீர்கள். இரண்டு காலிலும் குழாயின் மிகக் குறுகலான இடம் எத்தனை மில்லிமீட்டர், அங்கே கால்சியம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வால்வை எந்த ஷீத்தில் அனுப்பப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இதற்கு இரண்டு ஊரிலும் என்ன பதில் வருகிறது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

10 ஜனவரி 2025, காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். கதீட்டருக்கு (உள்ளே விடும் மெல்லிய குழல்) பிரெஞ்ச் என்றால் வெளிவிட்டம். ஷீத்துக்கு அது உள்விட்டம், அதாவது உள்ளே எவ்வளவு தடிமனான சாமான் போகும் என்ற கணக்கு. 14 பிரெஞ்ச் ஷீத்தின் உள்ளே 4.7 மில்லிமீட்டர்தான், ஆனால் அதன் சுவரையும் சேர்த்தால் வெளியே 6-ஐத் தொடும். வால்வு கடந்து போகும் நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் விரிந்து, பிறகு சுருங்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் 6 மில்லிமீட்டர் சாமான் 5.5 குழாயில் எப்படி நுழைகிறது என்று கேட்பீர்கள். நல்ல குழாய் ரப்பர் மாதிரி, இழுபடும். கால்சியம் சுற்றிப் படிந்த குழாய் இழுபடாது, கிழியும். அதனால்தான் மில்லிமீட்டரோடு கால்சியத்தையும் கேளுங்கள் என்றேன்.

10 ஜனவரி 2025, மதியம்

"ஆஞ்சியோவைக் கையில் செய்தார்களே, வால்வையும் கை வழியாகவே அனுப்பினால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மணிக்கட்டுக் குழாய் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். சைக்கிள் போகிற சந்தில் லாரியை விடச் சொல்கிறீர்கள்.

(ஆனால் டாவியில் மணிக்கட்டுக்கும் ஒரு வேலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், எனக்கே அதில் ஒரு கதை இருக்கிறது.)

13 ஜனவரி 2025

போகி, லேபில் கேஸ் கம்மி. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன் 81 வயதுப் பாட்டி ஒருவர். எடை நாற்பத்திரண்டு கிலோ. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வலது தொடைக் குழாய் 5.6, எழுத்தில் பார்த்தால் எல்லாம் சரி. வால்வு அழகாக உட்கார்ந்தது, எக்கோவில் கசிவு இல்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டே கவுனைக் கழற்ற ஆரம்பித்தோம். ஷீத்தை வெளியே இழுக்கும்போது ஒரு பிடிப்பு. டாக்டரின் கை நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் பிரஷர் 110-இலிருந்து 60-க்கு இறங்கியது. இடுப்புக்குள் இருக்கும் இலியாக் குழாய் ஷீத்தோடு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டது. அடுத்த காலிலிருந்து பலூனைக் கொண்டுபோய் ஊதி இரத்தத்தை நிறுத்தி, கிழிசலை உள்ளிருந்து மூடும் கவர்டு ஸ்டென்ட் வைத்து, ஆறு யூனிட் இரத்தம் ஏற்றி, பாட்டி பிழைத்தார். பதினோரு நாள் ஐ.சி.யூ. மருமகள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "இருதயத்துக்குத்தானே செஞ்சீங்க, வயித்துல ஏன் ரத்தம்?"

பிறகு சி.டி.யைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். 5.6 என்பது தொடையில். இடுப்பெலும்புக்குள் வளையும் இடத்தில் குதிரை லாடம் மாதிரி முக்கால் வட்டத்துக்குக் கால்சியம், உள்ளளவு ஐந்துகூட இல்லை. அளந்தவர் அகலமான இடத்தை அளந்திருந்தார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஷீத்தின் வெளிவிட்டத்தைத் தொடைக் குழாயின் உள்விட்டத்தால் வகுத்தால் 1.05-க்கு மேல் போகக் கூடாது, போனால் சிக்கல் கூடுகிறது என்று 2011-லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்து ஷீத் 22, 24 பிரெஞ்ச். 2010-இல் வந்த பார்ட்னர் என்ற ஆய்வில், அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்கு டாவி செய்ததில் ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 30.7 சதவீதம், செய்யாமல் விட்டவர்களில் 50.7. பெரிய வெற்றிதான். ஆனால் அதே ஆய்வில் முப்பது நாளுக்குள் பெரிய இரத்தக்குழாய்ச் சிக்கல் 16.2 சதவீதம், ஆறில் ஒருவருக்கு. 2019-இல் வந்த பார்ட்னர் 3-இல் அது 2.2. நோயாளிகளும் வேறு, ஆபத்துக் குறைந்தவர்கள், என்றாலும் ஷீத் மெலிந்ததுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்த வைத்தியம் பிறந்ததே தொடைத் தமனி வழியாகத்தான், மற்ற வழிகள் எல்லாம் பிறகு வந்த குறுக்குச் சந்துகள்.

15 ஜனவரி 2025

மேலே உள்ள கடைசி வரியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும், என் அவசரத்துக்குச் சாட்சி. அது தப்பு. எங்கள் லேபில் மேற்பயிற்சியில் இருக்கும் ஃபெல்லோ டாக்டரிடம் பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

2002 ஏப்ரல் 16, பிரான்சில் ரூவான் நகரம். அலேன் கிரிபியே முதன்முதலில் மனிதருக்குச் செய்தபோது அந்த நோயாளிக்கு 57 வயது, இருதயம் தளர்ந்து இரத்த அழுத்தம் விழுந்த ஷாக் நிலையில் இருந்தார், காலுக்குப் போகும் குழாய்கள் அடைத்திருந்தன. தொடைத் தமனி வழியாகப் போக வழியே இல்லை. அதனால் தொடைச் சிரை வழியாகப் போய், இருதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குச் சுவரைத் துளைத்து, அங்கிருந்து கீழே இறங்கி, இரத்தம் ஓடுகிற திசையிலேயே வால்வுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆக, உலகின் முதல் டாவியே "தொடைத் தமனி வழியாக முடியாது, வேறு வழி பார்" என்று ஆரம்பித்ததுதான். உங்கள் அப்பா புதுப் பிரச்சினை எதையும் கொண்டுவரவில்லை.

இதற்கும் முன்னால், 1989-இல் டென்மார்க்கில் ஆண்டர்சன் என்பவர் கறிக்கடையில் பன்றி இருதயம் வாங்கி, அதன் வால்வைக் கம்பிச் சட்டத்தில் தைத்து, உயிருள்ள பன்றிக்குப் பொருத்திப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரரிடம் சொன்னேன். "அப்ப எனக்கும் டாக்டர் பட்டம் தாங்க" என்றார்.

22 ஜனவரி 2025

ஏங்க, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அப்பாவுக்கு 2009-இல் பைபாஸ் ஆகியிருக்கிறது என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள். எல்லாக் கணக்கும் மாறுகிறது.

பைபாஸில் பெரும்பாலும் நெஞ்சின் உள்பக்கம் ஓடும் இடது மார்புத் தமனியை எடுத்து இருதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைப்பார்கள். எங்கள் பாஷையில் லிமா. அது கிளம்பும் இடமே இடது சப்கிளேவியன், அதாவது காறை எலும்புக்கு அடியில் போகும் அதே குழாய். முதல் மருத்துவமனை ஷீத்தை நுழைக்கப் போவதாகச் சொன்ன குழாயும் அதுதான். ஷீத் குழாயை நிறைத்துக்கொண்டு நின்றால், லிமாவின் வாயை அடைத்தபடி நிற்கும். அந்த நேரம் இருதயத்தின் முன்பக்கம் முழுவதும் பட்டினி. குழாய் அகலமாக இருந்தால் செய்பவர்கள் இருக்கிறார்கள், முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் இதை யோசித்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும். பழைய பைபாஸ் சம்மரியைத் தேடி எடுத்து, லிமா போட்டார்களா, இப்போதும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

போன வாரம் வரை, தோள் வழியும் மோசமில்லை என்றுதான் எனக்குள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

23 ஜனவரி 2025

மற்ற வழிகளையும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

விலா எலும்புக்கு நடுவே கீறி இருதயத்தின் நுனியைக் குத்திப் போவது ஒன்று. ஒரு காலத்தில் தொடை இல்லாவிட்டால் இதுதான். வழி குட்டை, நேர் வழி. ஆனால் ஏற்கெனவே களைத்த இருதயத் தசையில் ஓட்டை, விலா வலி, வயதானவர்கள் வலியில் இருமமாட்டார்கள், சளி கட்டிவிடும். இப்போது எங்கள் லேபில் பார்த்தே வருடக்கணக்காகிறது. நெஞ்செலும்பை மேலே கொஞ்சம் திறந்து, இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியில் நேராகப் போவது இன்னொன்று. பைபாஸ் ஆனவருக்குத் திரும்பவும் அங்கே கை வைப்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

கழுத்து வழி, அதாவது கரோடிட். பிரான்சில் நிறையச் செய்கிறார்கள். கேட்டதும் பயமாக இருக்கும், மூளைக்குப் போகிற குழாயாயிற்றே. அடுத்த பக்கக் குழாய் நன்றாக ஓடுகிறதா, மூளைக்குள் இரு பக்கமும் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். தோளைவிடக் குழாய் தோலுக்கு அருகிலேயே இருக்கும், கையில் பிடிபடும், நன்றாகத் தைத்துவிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிரான்ஸ்கேவல். நான் வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தொடைச் சிரை வழியாக வயிற்றில் இருக்கும் பெரிய சிரைக்குப் போய், பக்கத்திலேயே ஓடும் மகாதமனிக்குள் மின்சாரம் பாய்ச்சிய வயரால் துளைத்துப் போகிறார்கள். 2013-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். மகாதமனியில் ஓட்டை போட்டால் ஆள் அவ்வளவுதான் என்று நினைப்போம். வெளியே கசியும் இரத்தம் சுற்றியுள்ள இடத்தில் அழுத்தம் ஏறியதும், அழுத்தம் குறைவான சிரையின் ஓட்டை வழியாகவே திரும்ப உள்ளே போய்விடுகிறது. வேலை முடிந்ததும், குழந்தைகளின் இருதய ஓட்டையை அடைக்கும் அதே மாதிரிச் சாமானால் மூடிவிடுகிறார்கள். இதை முதலில் யோசித்தவரின் துணிச்சலை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

2 பிப்ரவரி 2025

சி.டி. அளவை அனுப்பியதற்கு நன்றி. வலது பக்கம் மிகக் குறுகல் 4.6, சுற்றிலும் கால்சியம். இடது பக்கம் 5.3, பின்சுவரில் மட்டும் கால்சியம், ஆனால் பாம்பு மாதிரி வளைவு. முதல் மருத்துவமனை வலது பக்கத்தைப் பார்த்து முடிவெடுத்ததா, வளைவைப் பார்த்து இடதை ஒதுக்கியதா என்பது தெரியாது. வெறும் வளைவுக்கு நான் அவ்வளவு பயப்படமாட்டேன். கால்சியம் இல்லாத வளைவு, விறைப்பான வயர் உள்ளே போனதும் நிமிர்ந்துவிடும். வளைவும் சுற்றுக் கால்சியமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் தேர் தெருமுனையில் நிற்கிற மாதிரி நிற்கும், முட்டுக்கட்டை போட்டாலும் திரும்பாது.

இரண்டாவது மருத்துவமனை "ஷாக்வேவ் பலூன் போடுவோம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கிட்னிக் கல்லை உடைக்கும் அதே வித்தை. பலூனைக் குறைந்த அழுத்தத்தில் ஊதி, உள்ளிருந்து அலைகளை அனுப்பினால் சுவரிலிருக்கும் கால்சியம் விரிசல் விடும். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரில் பழைய இரும்புக் குழாய் உள்ளே உப்பு கட்டிக் கிடக்குமே, அதைத் தட்டித் தட்டிப் பொரிய விடுவது போல. கால்சியம் வெளியே வராது, விரிசல் மட்டும்தான் விடும், அதனால் குழாய்க்கு இழுபடும் தன்மை கொஞ்சம் திரும்புகிறது. பலூன் ஒன்றே லட்சங்களில் வரும். வால்வுப் பணத்தில் இது அடங்குமா என்று இப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பில் வந்த பிறகு மயங்கி விழ வேண்டாம்.

வால்வு எது என்றும் கேட்டுச் சொல்லுங்கள். குஜராத் வாபியில் இருக்கும் மெரில் கம்பெனியின் மைவால் எல்லா அளவிலும் 14 பிரெஞ்ச் ஷீத்திலேயே போகும், பெரிய வால்வு தேவைப்படுகிறவர்களுக்கு அது ஒரு சௌகரியம். அப்பாவுக்கு 26 போதும் என்பதால் அந்தக் கவலை இல்லை.

19 பிப்ரவரி 2025

மணிக்கட்டுக் கதை பாக்கி இருக்கிறது.

2022-இல் என் மாமனாருக்கே டாவி. வலது தொடை 7.1 மில்லிமீட்டர், ராஜபாட்டை. நான் வெளியே பெஞ்சில், முதன்முறையாகக் கதவுக்கு அந்தப் பக்கம். வால்வு வைத்த வலது தொடையில் ஒரு சின்ன நீலம்கூட இல்லை. இடது தொடையில் படம் எடுக்க மட்டும் போட்ட சின்ன 6 பிரெஞ்ச் ஷீத், அந்த இடத்தில்தான் இராத்திரி தேங்காய் அளவு வீங்கியது. பெரிய ஓட்டையை எல்லோரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு முன்கூட்டியே இரண்டு தையல் சாதனம் போட்டுவைப்பார்கள். சின்ன ஓட்டையை யாராவது ஒருவர் கையால் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இரண்டு யூனிட் இரத்தம், நான்கு நாள் கூடுதல். மாமியார் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை, நானே அழுத்திய மாதிரி.

அதற்குப் பிறகு எங்கள் லேபில் படம் எடுக்கும் கதீட்டரை முடிந்தவரை மணிக்கட்டு வழியாகவே போடுகிறோம். வால்வு வைக்கும்போது இருதயத்தை மின்துடிப்பால் வேகமாகத் துடிக்க வைப்பதற்கும் (பேஸ் செய்வது) கழுத்துச் சிரையையோ தொடைச் சிரையையோ தேடாமல், இருதயத்துக்குள் இருக்கும் வயரிலேயே கொடுத்துவிடுகிறார்கள், எல்லோருக்கும் அல்ல. குத்தும் ஓட்டை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் டாக்டரிடம் "இரண்டாவது ஷீத் எங்கே" என்று கேளுங்கள். ஒரு நொடி உங்களை ஆச்சரியமாகப் பார்ப்பார், பிறகு ஒழுங்காகப் பதில் சொல்வார்.

மூடுவதற்கு எந்தச் சாதனம் என்று கேட்டவருக்கு: 2022-இல் ஜெர்மனியில் வந்த ஓர் ஆய்வில், தையல் போடும் புரோகிளைடில் குத்திய இடத்துச் சிக்கல் 12 சதவீதம், அடைப்பு வைக்கும் மேன்டாவில் 19.4. நான் பழகியதும் தையல்தான், அதனால் எனக்கு ஒருபக்கச் சாய்வு உண்டு. ஆனால் முன்சுவரில் கால்சியம் இருந்தால் தையல் ஊசி ஏறாது. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, கால்சியம் இல்லாத இடமாக, தொடையெலும்பின் தலைக்கு நேராகக் குத்தினால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது. மேலே குத்தினால் இரத்தம் வயிற்றுக்குப் பின்னால் போகும், வெளியே தெரியாது. கீழே குத்தினால் குழாய் இரண்டாகப் பிரிந்து மெலிந்திருக்கும்.

6 மார்ச் 2025

நல்ல செய்தி. இரண்டாவது மருத்துவமனை, இடது தொடை, ஷாக்வேவ் பலூன், 26 அளவு வால்வு, படம் எடுக்க வலது மணிக்கட்டு. முதல் மருத்துவமனையைத் திட்டி நீங்கள் எழுதியதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களிடம் அந்தப் பலூன் இல்லாமல் இருந்திருக்கலாம். கையில் இருக்கும் சாமானை வைத்துத் தோள் என்று சொன்னது கேவலமான முடிவு இல்லை. லிமாவைக் கேட்காமல் விட்டார்களா என்பதில்தான் எனக்குக் கோபம், அதுவும் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு.

"ரெண்டு தொடையையும் சிரைச்சுட்டு ஒன்னுலதான் செஞ்சிருக்காங்க, பாதிக் காசைத் திருப்பிக் கேளு" என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த இன்னொரு தொடை, இடது பக்கம் கிழிந்தால் பலூனைக் கொண்டுபோவதற்காக. தேவைப்படாமல் போனதற்குச் சந்தோஷப்படச் சொல்லுங்கள்.

21 செப்டம்பர் 2025

வேறொருவர் தன் அம்மாவுக்கு 71 வயது, டாவியா அறுவை சிகிச்சையா என்று கேட்டிருக்கிறார். 2021-இல் ஐரோப்பிய வழிகாட்டுதல் 75 வயதுக்கு மேல் டாவி என்றது, இந்த ஆகஸ்டில் வந்த புதியதில் அது 70 ஆகிவிட்டது, வால்வு மூன்று இதழ் உள்ளதாகவும் உடலமைப்பு ஒத்துவருவதாகவும் இருந்தால். அந்த ஒத்துவருவது என்ற சொல்லுக்குள் தொடைக் குழாயும் அடக்கம். 2021-லேயே, தொடை வழி இல்லாமல் அறுவை சிகிச்சை தாங்குகிறவராக இருந்தால் அறுவை சிகிச்சைக்கே போகச் சொன்னார்கள். வேறு வழிகள் எல்லாம் இரண்டும் முடியாதவர்களுக்கு. வயதை மட்டும் சொன்னால் நான் என்ன சொல்வது, அம்மாவின் குழாய் அளவைச் சொல்லுங்கள். நெஞ்சை மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டுக் காலை விட்டுவிடுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஒரு முறை எங்கள் கேஸ் ஒன்றுக்கே அப்படி ஆகி, கிரியேட்டினின் 1.8 இருந்த, அதாவது கிட்னி பலவீனமானவருக்கு மறுபடி ஸ்கேன் சாயம் ஏற்ற வேண்டி வந்தது. கழுத்திலிருந்து தொடை வரை என்று எழுதிக் கேட்டு எடுங்கள்.

முதலில் கேட்டவர் இன்னும் இங்கே வருகிறீர்களா? அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் கால், எத்தனை பிரெஞ்ச், எந்தச் சாதனத்தால் மூடினார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போய் எழுதி வாங்குங்கள். அடுத்து அவருக்கு ஆஞ்சியோவோ பேஸ்மேக்கரோ வந்தால், அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் என்னைப் போன்ற ஒருவன் அந்த இடது தொடையில் கை வைப்பதற்கு முன்னால் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.